மீத்திறன் மாணவரும் ஆசிரியர் பட்டப்படிப்பும்

மீத்திறன் மிக்க குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பதில் நம் நாட்டில் காட்டப்பட்ட அக்கறை, அவர்களுக்கேற்ற ஆசிரியரை உருவாக்குவதில் காட்டப்படவில்லை. தேசிய அறிவியல் திறன் தேடல் திட்டம் 1963-இல் தில்லியில் தொடங்கிற்று. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டி நவோதய வித்யாலயங்கள் பெருகின. நுழைவுத் தேர்வின் வழி ஆறாம் வகுப்பில் சேர்க்கப்படுவோரில் 75 விழுக்காட்டினரேனும் கிராமப்புறத்தினர். ஆனால் அங்குக் கற்பிப்போரும் பிற ஆசிரியரைப் போலப் பொதுவான பி.எட். பட்டம் பெற்றவர்களே.

சிறப்புக் கல்விக்கெனத் தனிப் பட்டங்கள் இல்லாமல் இல்லை. எனினும், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஒப்புதலுடன் நடைபெறும் அவை மாற்றுத்திறன் குழந்தைகளுக்கானவை. பாடத்தைப் பத்து நிமிடத்தில் உணர்ந்து, எஞ்சிய நேரத்தில் சலிப்புற்று, குறும்பன் எனப் பெயரெடுக்கும் சிறுவனை இனங்காணவும் பயிற்சி வேண்டும். அத்தகையவனுக்கு அதே வகைக் கணக்குகளைக் கூடுதலாகக் கொடுப்பது வளப்படுத்தல் ஆகாது. பெரும்பாலும் அது தண்டனையாகவே முடிகிறது.

2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, பி.எட். படிப்பில் இத்துறையைச் சிறப்புப் பாடமாக்கலாம் என்கிறது. இது அனுமதியே, கட்டாயமன்று. மேலும், அப்பாடத்தைப் போதிக்கும் விரிவுரையாளர்கள் முதலில் உருவாக வேண்டும். ஆகவே எம்.எட். நிலையில் தொடங்குவதே பொருத்தம். பயிற்சிக் களமாக மாவட்டத்து நவோதய வித்யாலயத்தையே பயன்படுத்தலாம்.