புகையில்லாத போகி, குப்பையில்லாத பொங்கல்

பரணை ஒழிப்பது நல்ல வழக்கம். ஒழித்ததைத் தெருவில் கொளுத்துவதில்தான் வம்பு. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமானப் போக்குவரத்தையே குலைத்துவிட்டன. மார்கழி விடியலில் குளிர்காற்று தரையோடு படிந்து நிற்கும். மேலே போக வேண்டிய புகை தெருவிலேயே தங்கி, உங்கள் வீட்டு ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும்.

செய்ய வேண்டியவை

• பழைய சாமான்களை இன்றே பிரித்துவிடுங்கள்: கொடுப்பதற்கு, காயலான் கடைக்கு, குப்பைக்கு. போகிக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்தால் எல்லாம் ஒரே குவியலாகத் தீக்குத்தான் போகும்.

• துணிமணிகளைத் துவைத்து மடித்துக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுப்பது தானமில்லை. அதைக் கரித்துணியாக வெட்டி வையுங்கள்.

• டயர், டியூப் கிடந்தால் தூய்மைப் பணியாளரிடம் சொல்லுங்கள். சென்னையில் போகியை ஒட்டி மாநகராட்சியே இவற்றைத் தனியாக வாங்கிக்கொள்கிறது.

• வழக்கத்துக்காகக் கொளுத்தியே ஆக வேண்டுமென்றால், பழைய கோரைப்பாயில் ஒரு துண்டு, தேய்ந்த துடைப்பம், அவ்வளவுதான். தெருவுக்கு ஒரு தீ போதும். சாங்கியம் முடிந்துவிடும், போகி மேளம் அடிக்கிற பிள்ளைகளும் இருமாமல் அடிப்பார்கள்.

• கோலத்தை அரிசி மாவில் போடுங்கள். எறும்புக்கும் சாப்பாடு.

• வாசலுக்கு மாவிலை கட்டுங்கள். கொங்குப் பக்கத்தில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். பிளாஸ்டிக் தோரணம் அதன் அழகுக்குக் கிட்டே வராது.

• கரும்புத் தோகையை மாட்டுக்குப் போடுங்கள். சக்கையையும் வாழையிலையையும் மக்கும் குப்பையில் சேருங்கள்.

• காணும் பொங்கலுக்குக் கட்டுசாதத்தைத் தூக்குவாளியில் எடுத்துப் போங்கள், தட்டையும் மறக்காமல். மிச்சமும் குப்பையும் அதே பையில் வீடு திரும்பும்.

செய்யக்கூடாதவை

• டயரைக் கொளுத்தாதீர்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. எரிந்தால் கந்தக டை ஆக்சைடும் கரித்தூளும் கிளம்பும். பக்கத்து வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருக்கலாம்.

• செம்புக்கு ஆசைப்பட்டு வயரை எரிக்காதீர்கள். மேலுறை பிவிசி, அதன் புகையில் அமில வாயுவோடு டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் வரும். வயரை அப்படியே எடைக்குப் போடுங்கள், காசு கிடைக்கும்.

• “பிளாஸ்டிக் பாயும் பாய்தானே” என்று தீயில் போடாதீர்கள். இல்லை, அது பிளாஸ்டிக்தான்.

• டியூப் லைட்டை உடைக்காதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது.

• மாட்டுக் கொம்புக்கு எனாமல் பெயின்ட் அடிக்காதீர்கள். மாடுகள் ஒன்றையொன்று நக்கும். மஞ்சளும் குங்குமமும் இருக்கும்போது பெயின்ட் எதற்கு?

• மீந்த சாப்பாட்டைக் கவரில் கட்டித் தெருவில் வைக்காதீர்கள். மாடு கவரோடு விழுங்கும். அது வயிற்றிலேயே தங்கிவிடும். ஒருநாள் மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு மறுநாள் இதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

• கடையில் பிளாஸ்டிக் கவர் கேட்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கேட்கிற ஆள் இருக்கிறவரை கடைக்காரர் ஒளித்து வைத்தாவது கொடுப்பார். மஞ்சப்பையை வண்டியிலேயே போட்டு வையுங்கள்.

• கடற்கரை மணலில் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் முட்டையிட ஏறும். உங்கள் கூட்டம் கலைந்த பிறகு, இரவில், அதே மணலுக்குத்தான் அவை வரும்.

• தெருவில் யாராவது டயரை உருட்டி வந்தால் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். “தம்பி, இது வேண்டாம்ப்பா” என்று அப்போதே சொல்லுங்கள். பற்றிக்கொண்ட பிறகு சொல்லிப் பயனில்லை.