ஆலய நந்தவனமும் ஊர்க் கிணற்று நீரும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே அமைவதே ஓர் ஆலயத்துக்குச் சிறப்பு என்பர் ஆன்றோர். கருவறையும் கோபுரமும் மாத்திரம் கோயில் ஆகா. தலத்துக்கு விருட்சமும் நந்தவனமும் வேண்டும். தீர்த்தத்துக்குக் கேணியும் கிணறும் வேண்டும். திருக்கேதீச்சரத்தை நினைக்கும் அடியார் பாலாவித் தீர்த்தத்தையும் வன்னி மரத்தையும் சேர்த்தே நினைப்பர். மரத்தையும் நீரையும் முன்னோர் இறைவன் சந்நிதியிலேயே வைத்தமைக்குப் பக்தியோடு வாழ்வியற் காரணமும் உண்டு.

நால்வகைப் பூக்கள்

அறுபத்துமூன்று நாயன்மாருள் முருக நாயனார் பூத்தொண்டினாலேயே பேறு பெற்றவர். திருப்புகலூரிலே வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என நால்வகை மலர்களையும் கொய்து, மாலை தொடுத்து வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குச் சாத்தினார் எனப் பெரியபுராணம் கூறுகின்றது.

இந்நால்வகையும் ஒரு நந்தவனத்தின் அமைப்பையே காட்டுகின்றன. கோட்டுப்பூ மரக்கிளைகளிற் பூப்பது: கொன்றை, மகிழ், புன்னை. நிலப்பூ தாழ்ந்த செடிகளிற் பூப்பது: தும்பை, நந்தியாவட்டை, செவ்வரத்தை. கொடிப்பூ பந்தலிலும் வேலியிலும் படர்வது: முல்லை, மல்லிகை, கருவிளை. நீர்ப்பூ கேணியில் மலர்வது: தாமரை, நீலோற்பலம். மரம் நிழலைத் தருகின்றது. அதன் சருகு செடிக்கு எருவாகின்றது. கொடி வெறுவெளியை மூடுகின்றது. கேணி மழைநீரை ஏற்கின்றது. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் குருவியும் அழைக்காமலே வந்து சேர்கின்றன. அழகும் இயற்கைக் காப்பும் அங்கே இரண்டல்ல, ஒன்றே.

நிலத்தின் கீழுள்ள தீர்த்தம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மாரி மழையே அங்குள்ள கிணறுகளுக்கு ஆதாரம். அந்நீர் மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே தங்குகின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. ஆகையால் கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்தே உவர்நீராகவும் இருப்பது இதற்குச் சான்று. உள்ளூரில் நிலத்துள் இறங்கிய மழைநீரே கீரிமலையிலே கடலோரத்தில் நன்னீர் ஊற்றாய்ப் பொங்குகின்றது. இறங்கும் மழை குறைந்து, இறைக்கும் நீர் கூடினால், கீழிருக்கும் உப்பு மேலெழும்.

1990இல் இடம்பெயர்ந்து, 2009க்குப் பின்னர் படிப்படியாக மீளக்குடியமர்ந்த ஊர்களில், சிதைந்த ஆலயங்களை மக்கள் அரும்பாடுபட்டுப் புதுப்பித்தார்கள். கோபுரம் எழுந்தது, மணிக்கூட்டுக் கோபுரமும் மடமும் எழுந்தன. ஆயின் சில இடங்களில் நந்தவனம் மட்டும் எழவில்லை. மாறாக, வீதி முழுவதையும் சீமெந்துத் தளமும் கொங்கிறீற் கற்களும் மூடின. பார்வைக்குத் துப்புரவாகத் தோன்றினாலும், நண்பகலில் அடியழிப்போரும் பிரதட்டை செய்வோரும் படும் வேதனை பெரிது. அதனிலும் பெரிய இழப்பு மழைநீருக்கு நேர்கின்றது.

16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கின்படி ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த ஒரு பரப்பில் மட்டும் சுமார் 25,000 லீற்றர் நீர் விழுகின்றது. மண்ணாயின் அதிற் பெரும்பகுதி உள்ளே இறங்கும். தளமாயின் தெருவழியே ஓடிக் கடலைச் சேரும். தேர் ஓடும் பாதைக்கும் நடைபாதைக்கும் தளம் தேவையாகலாம். எஞ்சிய இடத்துக்கு வெண்மணலே போதும்.

அமைக்கும் முறை

சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசிப் புழுதியை வாரி இறைப்பது. ஆதலால் அத்திசையில் வேம்பு, புன்னை, இலுப்பை முதலிய மரங்களை நடுதல் நன்று. பிற்பகல் வெயிலும் அவற்றால் தணியும். பூச்செடிகளுக்குக் காலை வெயில் வேண்டுமாதலால் அவை கிழக்கில் அமைய வேண்டும். ஆலும் அரசும் கட்டடத்துக்கு விலகி நிற்பது அவசியம். அவற்றின் வேர் சுவரைப் பிளக்கும்.

பாத்திகள் வீதியிலும் சற்றுத் தாழ்ந்திருந்தால் கூரைநீரும் வெள்ளமும் அவற்றுள் வந்து தங்கி ஊறும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பில் அழுக்குநீர் நேரே இறங்கினால் கிணறு விரைவில் கெடும். பாத்தி மண்ணும் வேர்களும் அதனை வடித்து அனுப்பும். இதே காரணத்தால் நந்தவனத்துக்கு யூரியாவைத் தவிர்த்தல் வேண்டும். அளவு மிஞ்சிய உரத்தின் நைத்திரேற்று குடிநீரிற் கலந்துவிடும். நிர்மாலியப் பூக்களைக் காற்படாத ஒரு மூலையிற் குழிவெட்டி இட்டு, சருகும் சாணமும் சேர்த்தால் நல்ல கூட்டெரு கிடைக்கும். பொலித்தீனும் நைலோன் நூலும் அக்குழியிற் சேரலாகாது.

புழுக்கடித்த பூ பூசைக்கு ஆகாது என்பது சைவ விதி. அதற்காக நஞ்சு தெளித்தால் தேனீயும் மடியும், நீரும் மாசுபடும். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தலும், புழுக்களை அதிகாலையிற் கையாற் பொறுக்குதலும் போதும். தாமரைத் தொட்டியில் நுளம்பு பெருகாதிருக்கச் சிறுமீன்கள் விடுவது கட்டாயம். 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானமை மறக்கத்தக்கதன்று. அலரி நஞ்சுள்ளது, ஆடு மாடுகளும் குழந்தைகளும் அணுகாத இடத்தில் அதை வைத்தல் வேண்டும்.

தொண்டும் பயனும்

நந்தவனப் பணிக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. இடையறாத கவனமே வேண்டும். அப்பரடிகள் உழவாரம் ஏந்திச் செய்த தொண்டும் அத்தகையதே. திருவிழா உபயம் போல, ஒவ்வொரு குடும்பமும் ஒரு மரத்தை ஏற்று முதல் மூன்று கோடையும் நீரூற்றிக் காக்கலாம். அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பாத்தியைப் பொறுப்பேற்றால், பூவின் பெயரும் அது சாத்தப்படும் மூர்த்தியின் பெயரும் அவர்கள் மனத்தில் ஒருங்கே பதியும்.

கும்பாபிடேகத்தின்போது கும்பத்தில் நிறைவது நீர். அதன்மேல் இருப்பது மாவிலை. அந்த நீரும் அந்த இலையும் ஊரிலேயே கிடைக்கும் காலம் நிலைக்க வேண்டுமாயின், ஆலய வீதியிற் சிறிதளவேனும் மண் திறந்திருக்க வேண்டும். மரம் தழைக்கவும் கிணறு சுரக்கவும் ஊர் செழிக்கவும் எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்