ரத்தம் காரமா, அமிலமா? கோபன்ஹேகனில் ஒரு சிறுமி



அமிலம்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? லேப் அலமாரியில் மேல் தட்டில் இருக்கிற, தொடக்கூடாத பாட்டில். காரம்னா சோப்பு, சுண்ணாம்பு. நீல லிட்மஸ் சிவப்பாகும், சிவப்பு லிட்மஸ் நீலமாகும், ரெண்டு மார்க் கேள்வி முடிஞ்சுது. ஆனால் இந்த ரெண்டும் நம் உடம்புக்குள்ளேயே 24 மணி நேரமும் கயிறு இழுக்கும் போட்டி நடத்திக்கொண்டிருக்கின்றன. அந்தப் போட்டியைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் உயிர்கள் போன ஒரு உண்மைக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பி.எச். அளவுகோல். நாம் பாடத்தில் படிப்பது 0 முதல் 14 வரை. 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். 1909-ல் இதைக் கொண்டுவந்தவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி சோரன்சன். அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் கம்பெனியின் ஆய்வகத்தில்! (சார், மன்னிக்கணும். அறிவியலுக்காகச் சொல்றேன்.) இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனி 10 மடங்கு கூடும். நம் இரைப்பையில் பி.எச். சுமார் 2 இருக்கலாம், ரத்தத்தில் 7.4. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரைப்பை நீர் ரத்தத்தைவிட இரண்டரை லட்சம் மடங்கு அமிலம். அந்த அமிலம் இரைப்பையையே அரிக்காமல் இருப்பதற்கு உள்சுவரில் இருக்கிற கோழைப் படலம் காவல். சிறுகுடலுக்குள் போனதும் கணையம் பைகார்பனேட்டை ஊற்றி அமிலத்தை அடக்கிவிடுகிறது.

இரைப்பை கடும் அமிலத்தையும் தாங்கும். ரத்தம் தாங்காது. ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் "0.3 தானே" என்று தோணும். ஆனால் லாக் 2-ன் மதிப்பு 0.301. அப்படியென்றால் ஹைட்ரஜன் அயனி ரெண்டு மடங்கு ஆகிவிட்டது என்று அர்த்தம். 6.8-க்குக் கீழே போனால் பிழைப்பது மிகக் கஷ்டம்.

சரி, ரத்தத்துக்கு அமிலம் எங்கிருந்து வருகிறது? எலுமிச்சம்பழத்திலிருந்து இல்லை. நாம் சாப்பிடும் சோறும் எண்ணெயும் செல்களில் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. ஒரு நாளைக்கு அரை கிலோவுக்கும் மேலே! அது தண்ணீரில் கரைந்தால்:

கார்பன் டை ஆக்சைடு + தண்ணீர் ⇌ கார்பானிக் அமிலம் ⇌ ஹைட்ரஜன் அயனி + பைகார்பனேட்

இந்த வரியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கதைக்கு இதுதான் சாவி. நுரையீரல் இந்த வாயுவை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் ரத்தம் அமிலமாகாமல் இருக்கிறது. மீதி அமிலத்தைச் சிறுநீரகம் மெதுவாக வெளியேற்றும். மூச்சை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் "விடு, விடு" என்று தவிப்பு வருதே, அது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததால் அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்ததால்.

இப்போது கதை. 1952-ம் வருஷம், அதே கோபன்ஹேகன் நகரம். இளம்பிள்ளை வாதம் என்கிற போலியோ ஊரையே ஆட்டிப் படைத்தது. முதல் போலியோ தடுப்பூசி 1955-ல்தான் வந்தது. நாம் குழந்தையில் குடித்த சொட்டு மருந்து அதற்கும் பிறகு. பிளெக்டாம் மருத்துவமனைக்கு ஒரே நாளில் 50 பேர் வரைகூட வந்தார்கள். பலருக்கு மூச்சு விடும் தசைகளே செயலிழந்துவிட்டன. ஆனால் அங்கே இருந்த மூச்சுக் கருவிகள் மொத்தமே ஏழு. முதல் மூன்று வாரத்தில் கருவி வைத்துச் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

டாக்டர்களைக் குழப்பியது ரத்தப் பரிசோதனை. பைகார்பனேட் ஏகத்துக்கு அதிகம். பைகார்பனேட் காரத்தன்மை உள்ளதுதானே? அதனால் ரத்தம் காரமாகிவிட்டது, இது ஏதோ புரியாத கோளாறு என்று நினைத்தார்கள். ஆக்சிஜன் கொடுத்ததால் பிள்ளைகள் உடம்பு நீலம் பூக்கவில்லை. பார்க்க நன்றாகவே இருந்தார்கள். அப்படியும் இறந்தார்கள்.

அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். அவர் நேர்மாறாகச் சொன்னார். இது காரம் இல்லை, வெளியே போக வழியில்லாமல் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் தேங்கி நிற்கிறது என்றார். மேலே எழுதிய சமன்பாட்டைத் திரும்பப் பாருங்கள். இடப்பக்கம் வாயு கூடினால் வலப்பக்கம் ரெண்டுமே கூடும், பைகார்பனேட்டும் ஹைட்ரஜன் அயனியும். பரிசோதனையில் பைகார்பனேட்டை மட்டும் பார்த்தால் காரம் மாதிரி தெரியும். பி.எச். அளந்து பார்த்தால்தான் அமிலம் என்று தெரியும்!

ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தி சாகும் நிலையில் இருந்தாள். அவள் தொண்டையில் துளை போடப்பட்டு, குழாய் செருகப்பட்டதும், ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார் இப்சன். முதலில் காற்று உள்ளே போகவே இல்லை, அவள் உடம்பு எதிர்த்தது. மயக்க மருந்து கொடுத்து அவளைத் தளரவைத்த பிறகு பை வேலை செய்தது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது, சிறுமி பிழைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குப் பை அமுக்க ஆள் வேண்டுமே? சுமார் 1,500 மாணவர்கள், மருத்துவம் படித்தவர்களும் பல் மருத்துவம் படித்தவர்களும், ஷிஃப்ட் போட்டு இரவும் பகலும் மாதக்கணக்கில் கையாலேயே அமுக்கினார்கள். நம்ம ஸ்கூல் அண்ணன், அக்காவைவிடக் கொஞ்சம் பெரியவர்கள், அவ்வளவுதான். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. 1953-ல் இப்சன் தொடங்கிய வார்டுதான் இன்று எல்லா ஊரிலும் இருக்கிற ஐ.சி.யூ.வுக்கு முன்னோடி.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வயதுப் பிள்ளைகளுக்கும் வரும் சர்க்கரை நோயில், இன்சுலின் போடாமல் விட்டால் கொழுப்பு உடைந்து அமிலங்கள் ரத்தத்தில் சேரும். அந்த அமிலத்தைக் குறைக்க நுரையீரல் தானாகவே ஆழமாக, வேகமாக மூச்சை இழுத்து விடும். கூடவே வாந்தி, வயிற்று வலி, அடங்காத தாகம், மூச்சில் பழ வாசனை இருக்கும். பார்க்கிறவங்க "ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கல"னு சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். அது கூடவே கூடாது. உடனே ஆஸ்பத்திரிதான். காரத் தண்ணீர் குடித்தால் ரத்தம் காரமாகும் என்று விற்பதையும் நம்ப வேண்டாம். அது இரைப்பை அமிலத்தைத் தாண்டணும், தாண்டினாலும் நுரையீரலும் சிறுநீரகமும் ரத்தத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. லேப்ல சார் பக்கத்தில் இருக்கும்போது, தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ரா வைத்து மெல்ல ஊதுங்கள். (உறிஞ்சிடாதீங்க!) நீர் பால் போல ஆகும், அது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடியும் தெளியத் தொடங்கும். ஏன்? விடையில் பைகார்பனேட் என்ற பேர் வரும். கண்டுபிடித்தவர்கள் கீழே உள்ள காலி இடத்தில் பென்சிலால் எழுதலாம்.