சுகர் மாத்திரையை எல்லாம் ஒரே பையில் போட்டு எடுத்துட்டு வாங்க!

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்குபவரா நீங்கள்? செவிலியர் ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்கிறார், டாக்டர் சீட்டு எழுதுகிறார். கடைசியாக மருந்து கொடுக்கும் ஜன்னல். அங்கே சீட்டை நீட்டுவோம், மாத்திரையை வாங்குவோம், கிளம்பிடுவோம். ஆனால் உங்கள் எல்லா மருந்தையும் ஒன்றாக வைத்துச் சரிபார்க்கப் பயிற்சி பெற்றவர் அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் இருக்கிறார்: மருந்தாளுநர்.

நம்மில் பலர் இரண்டு இடங்களில் வைத்தியம் பார்க்கிறோம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. நடுவில் "சுகர் ஏறிப்போச்சு" என்று தனியார் டாக்டரிடம் போனால் அவரும் எழுதித் தருவார். அரசு தரும் அட்டையில் கிளிமிபிரைடு என்று மருந்தின் பெயரே இருக்கும். கடையில் வாங்கியதில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். உள்ளே இருப்பது அதே கிளிமிபிரைடாக இருக்கலாம். வேற மாத்திரைதானே என்று இரண்டையும் போட்டால் டோஸ் இரட்டிப்பு. சர்க்கரை தடாலென இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். சிலர் மயங்கியே விழுவார்கள். நினைவு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

அதனால் அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூட்டுவலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி எதையும் விட வேண்டாம். ஒரே மருந்து இரண்டு தடவை வந்திருந்தால் மருந்தாளுநர் கண்டுபிடித்து டாக்டரிடம் சொல்வார். டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நோயாளிக்கு மருந்து பற்றி விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் பணி என்று 2015-ம் ஆண்டு மருந்தியல் நடைமுறை விதிமுறைகளே சொல்கின்றன.

இன்சுலின் போடுபவர்கள் சிரிஞ்சையும் காட்டுங்கள். 40 யூனிட் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட்! பாட்டிலை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்பதையும், ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் எப்படி வைப்பது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கே மாத்திரை வருபவர்கள் மருந்தாளுநரை நேரில் பார்ப்பது அபூர்வம். தன்னார்வலர் வரும்போது பையை அவரிடம் காட்டுங்கள், அல்லது பிள்ளைகளிடம் ஒருமுறை சுகாதார நிலையத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் 104-ல் கேட்கலாம்.