குழந்தை வளர்ப்பில் யார் சொல்வதைக் கேட்பது?



நம் கம்பம், உத்தமபாளையம் பகுதி வீடுகளில் குழந்தை பிறந்ததும் எழும் கேள்வி இது. அன்று மூத்தவர்கள் பலர் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு, சீனித் தண்ணீரோ தேனோ நாக்கில் வைத்தார்கள். இன்று செவிலியர், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் சீம்பாலையே கொடுக்கச் சொல்கிறார். நோய் எதிர்ப்புச் சக்தி அதில் நிறைந்திருக்கிறது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம்.

"தேன் நிவாரணம் என்று குர்ஆன் கூறுகிறதே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மருந்துக்கும் வயது உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். தஹ்னீக் பேரீச்சம்பழத்தால் செய்யும் சுன்னத். அதையும் குழந்தை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

அதற்காகப் பெரியவர்களை ஏளனம் செய்யாதீர்கள். மருத்துவர்களின் அறிவுரையும் மாறியதுதான். நான்காம் மாதமே இணை உணவு தொடங்கலாம் என்றிருந்தது. 2001-இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் என்றது. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் ஓய்வு கொடுத்து, பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டார்களே, அந்தப் பரிவை விட்டுவிடாதீர்கள்.

அல்பகரா 233-ஆம் வசனம் பாலூட்டலுக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அதற்கு முன் பால்குடி மறக்கடிப்பதென்றால், தாயும் தந்தையும் கலந்தாலோசித்து, இருவரும் மனமொப்ப வேண்டும் என்கிறது. ஆகவே கணவன்மார்களே, "அம்மா சொன்னால் சரி" என்று ஒதுங்காதீர்கள். மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். செவிலியர் வரும்போது உங்கள் தாயையும் பக்கத்தில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக! ஆமீன்.