கணினி விளையாட்டும் நம் கடிகாரமும்

விளையாட்டு என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. பல்லாங்குழியில் காய்கள் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. தாயத்தில் காய்களெல்லாம் பழமானால் எழுந்து விடுகிறோம். ஆனால் கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகளுள் பல முடிவதே இல்லை. இஃது ஏன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதற்கண், நல்ல விளையாட்டு எவ்வாறு அமைகிறது என்பதைக் காண்போம். 1978ஆம் ஆண்டு, ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் பணியாற்றிய டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். அதில் 55 எதிரிகள் அணிவகுத்து இறங்கி வருவர். அத்தனை உருவங்களையும் வரைவது அக்காலக் கருவிக்குப் பெருஞ்சுமை. எதிரிகள் வீழ வீழச் சுமை குறைந்தது. எஞ்சியவர் விரைந்து நகர்ந்தனர். நிஷிகாடோ இதனைக் குறையென நீக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். ஆட்டம் போகப் போகக் கடினமாயிற்று. ஆடுவோருக்கு ஊக்கமும் பிறந்தது. மிக எளிது என்றால் சலிப்பு, மிகக் கடினம் என்றால் சோர்வு. இரண்டுக்கும் இடையில்தான் இன்பம் இருக்கிறது. பாடம் கற்பதும் இவ்வாறே அன்றோ!

இனி மற்றொரு பக்கத்தையும் பார்ப்போம். அமெரிக்க உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு ஓர் உண்மையைக் கண்டார். எத்தனை முறை கொத்தினால் தீனி விழும் என்பது தெரியாதபோதுதான், புறா ஓயாமல் கொத்துகிறது. இதே முறையில் அமைந்தவையே சில விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள். உள்ளே என்ன இருக்கும் என்பது தெரியாது. இவற்றுள் சில சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை என்று பெல்ஜியம் நாட்டு ஆணையம் 2018இல் அறிவித்தது.

2012இல் வந்த 'கேண்டி கிரஷ் சாகா'வில் 5 உயிர்கள் தீர்ந்தால், அடுத்த உயிருக்கு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். அல்லது காசு கொடுக்க வேண்டும். சமூக வலைத்தளங்களிலோ பக்கத்தின் அடியே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். நிறுத்தும் இடம் இல்லாத சாலையில் வண்டி எங்கே நிற்கும்?

இதனால் விளையாடுவோர் அனைவரும் நோயாளிகள் என்று கொள்ளலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப்பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றது. ஆனால் கட்டுப்பாடு இழந்து, மற்றக் கடமைகளை மறந்து, தீங்கு கண்ட பின்னும் தொடர்வதையே அது அவ்வாறு குறிக்கிறது. அதுவும் பொதுவாக ஓராண்டளவு நீடித்தால்தான்.

ஆகவே தோழியரே, எந்த விளையாட்டைத் தொடும்போதும் மூன்று கேள்விகள் கேட்போம். இதில் நம் திறமை வளர்கிறதா? இதற்கு முடிவு உண்டா? இலவசம் என்றால், நாம் இதற்குக் கொடுக்கும் விலை யாது? பெற்றோரும் 'எடுத்து வை' என்று கூறுவதோடு நில்லாமல், அருகில் அமர்ந்து இக்கேள்விகளைக் கேட்பது நலம். ஆட்டத்துக்கு முடிவு வைக்க அதைச் செய்தவர் மறந்தாலும், அம்முடிவை வைக்கும் உரிமை நம் கையில்தான் இருக்கிறது.