கடையில் பாடம் கேட்க வரும் கல்லூரி மாணவர்

சகோதர வியாபாரிகளுக்கு,

கல்லூரியிலிருந்து நமது கடைக்கு ஒரு கடிதம் வருகிறது. "எங்கள் மாணவர் இன்னாருக்குத் தங்கள் நிறுவனத்தில் இத்தனை வாரம் தொழிற்பயிற்சி பெற இடமளிக்க வேண்டுகிறோம்" என்று அதில் கண்டிருக்கிறது. மலாயில் இதனை 'லத்திஹான் இண்டஸ்ட்ரி' என்பார்கள். அக்கடிதத்தைப் படித்ததும் நம்மில் பலர் மனத்தில் ஓடும் கணக்கு ஒன்றுதான். சம்பளமில்லாமல் ஓர் ஆள் கிடைத்தது, பெருநாள் வியாபாரத்துக்கு உதவும் என்பதே அது. இந்தக் கணக்கு அடியோடு தவறு என்பதையும், வருகிறவர் யார், எதற்காக வருகிறார், நாம் அவருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பதையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

வருகிறவர் நமது சிப்பந்தி அல்லர். அவர் இன்னும் மாணவரே. கணக்கியல், வணிகம், உணவக நிர்வாகம் போன்ற படிப்புகளில் ஏனைய பாடங்களைப் போல இந்தப் பயிற்சியும் ஒரு பாடம். பொலிடெக்னிக்குகளில் டிப்ளோமா படிப்போர் ஏறக்குறைய 20 வாரம், அதாவது ஒரு முழுப் பருவத்தை, இவ்வாறு வெளியில் கழிக்கின்றனர். இதற்கும் மதிப்பெண் உண்டு. இதில் தேறாதவருக்கு டிப்ளோமா கைக்கு வராது. மற்றப் பாடங்களில் வகுப்பறையும் விரிவுரையாளரும் இருக்க, இந்தப் பாடத்துக்கு மட்டும் நமது கடையே வகுப்பறையாகவும் நாமே ஆசிரியராகவும் ஆகிவிடுகிறோம். நாமோ மத்ரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நிறுத்திக் கல்லாவுக்கு வந்தவர்கள். நமது கையெழுத்தால் ஒருவர் டிப்ளோமா பெறுகிறார் என்றால் அது சிறிய காரியமா?

இப்படிக் கற்பது நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் காலத்தில் ஊரிலிருந்து சபர் வந்த பையன் முதலில் கடையைக் கூட்டினான். பிறகு மூட்டை பிரித்தான், தராசு பிடித்தான், வசூலுக்குப் போனான். பல வருடம் கழித்தே கல்லாப் பெட்டியின் பக்கம் உட்கார அவனுக்கு இடம் கிடைத்தது. அவ்வழியில் எத்தனையோ நல்ல வியாபாரிகள் உருவானார்கள். ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. முதலாளி மனம் வைத்தால் கற்றுக்கொடுப்பார், மனம் வைக்காவிட்டால் பையன் பத்து வருடமும் மூட்டையே தூக்குவான். கேட்பாரில்லை. இன்றைய பயிற்சியில் கேட்பதற்குக் கல்லூரி என்று மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கிறார். பழையதற்கும் புதியதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுவே.

இம்முறைக்குக் கல்லூரிப் படிப்பில் ஓர் இடத்தைத் தேடித் தந்தவர் அமெரிக்காவின் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் ஆசிரியர். படிக்கும்போதே தொழிற்கூடங்களில் வேலை பார்த்தவர்கள் படிப்பு முடிந்தபின் நன்றாக விளங்குவதை அவர் கவனித்தார். 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 மாணவர்களைக் கொண்டு ஆரம்பித்தார். ஒரு வாரம் வகுப்பு, மறு வாரம் தொழிற்கூடம் என்று மாற்றி மாற்றி அவர்கள் கற்றனர். நமது நாட்டின் முதல் பொலிடெக்னிக்கான ஈப்போ உங்கு ஒமார் 1969-இல் தொடங்கிற்று. பினாங்குப் பக்கத்துச் சகோதரர்களுக்குத் தெரிந்த செபராங் பிறை பொலிடெக்னிக் 1998-இல் வந்தது. சமுதாயக் கல்லூரிகள் 2001 முதல் நடக்கின்றன. ஆகவே நமது கடைவாசலுக்குக் கடிதம் வருவது இனிக் கூடுமேயன்றிக் குறையாது.

இதன் நடைமுறை வருமாறு. இடமளிக்கச் சம்மதம் என்றால் மாணவர் கொண்டுவரும் படிவத்தில் நாம் பதில் எழுதி அனுப்புகிறோம். அப்படிவத்தில் 'மேற்பார்வையாளர்' என்று ஒரு பெயர் கேட்பார்கள். அங்கே வழக்கமாக முதலாளியின் பெயரை எழுதிவிடுகிறார்கள். முதலாளி பாதி நாள் துறைமுகத்திலும் வங்கியிலும் இருப்பவரானால் அந்தப் பெயரால் என்ன பயன்? நாள் முழுதும் கடையில் இருக்கும் கணக்கப்பிள்ளையையோ, தொழில் தெரிந்த மகனையோ மேற்பார்வையாளராக்குவதே நன்று. மாணவர் ஒவ்வொரு நாளும் என்ன செய்தார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுவார். அதை மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இடையில் விரிவுரையாளர் ஒருவர் நேரில் வந்தோ தொலைபேசி வழியாகவோ விசாரிப்பார். முடிவில் நாம் மதிப்பெண் படிவம் நிரப்புகிறோம், மாணவர் ஓர் அறிக்கை எழுதுகிறார்.

இனி, என்ன வேலை கொடுப்பது? இங்கேதான் நம்மவர்கள் திணறுகிறார்கள். படித்த பிள்ளைக்கு நம் கடையில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்கிறார்கள். நமது கடைகளில் உள்ள வேலையை நாம் வேலையாகவே எண்ணுவதில்லை, அதுதான் காரணம். ஒரு மளிகை மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கியல் படிக்கும் மாணவரிடம் முதல் வாரம் எந்தக் கணக்கையும் கொடுக்க வேண்டாம். சரக்கைப் பார்க்கட்டும். மிளகு எங்கிருந்து வருகிறது, சீரகம் எத்தனை கிலோ மூட்டை, எந்தச் சரக்கு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், எந்த வாடிக்கையாளர் ரொக்கம், எவர் 30 நாள் கடன் என்று தெரிந்துகொள்ளட்டும். சரக்கு தெரியாமல் பேரேட்டைப் பார்ப்பவனுக்கு அது வெறும் இலக்கமாகத்தான் தெரியும்.

அடுத்து, கிட்டங்கியில் உள்ள சரக்கை எண்ணிப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கச் சொல்லலாம். குறைந்தால் ஏன் குறைந்தது? எடையில் போனதா, எழுத மறந்ததா, எலி தின்றதா? இதைத் தேடுவதே ஒரு கல்வி. பிறகு, சரக்கு அனுப்பும் கம்பெனிகளின் மாதாந்தரக் கணக்கை நமது கடன் சிட்டையோடு சரிபார்க்கும் வேலை. "மாமா, கம்பெனிக் கணக்குக்கும் நம்ம கணக்குக்கும் நானூற்று இருபது வெள்ளி இடிக்கிறதே" என்று ஒரு மாணவர் வந்து நிற்பார். "பழைய பில்லை எடுத்துப் பாருங்க தம்பி, நாம் திருப்பி அனுப்பின ஏலக்காய் இருக்கும், அதை அவர்கள் கழிக்கவில்லை" என்று நாம் சொல்வோம். அவர் தேடி எடுத்துக் கொண்டுவருவார். திருப்பிய சரக்குக்கு வரவுச்சீட்டு வாங்குவது எப்படி என்று அவர் அன்று கற்றது ஆயுளுக்கும் மறக்காது. நமக்கும் நானூற்று இருபது வெள்ளி மிச்சம்.

கற்பது ஒரு பக்கம் மட்டும் நடப்பதன்று என்பதற்கு இ-இன்வாய்ஸ் நல்ல உதாரணம். வருமான வரி இலாகா இதனை 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி, ஆண்டுக்குப் 10 கோடி வெள்ளிக்குமேல் விற்கும் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கியது. படிப்படியாக இறங்கி வந்து 2026 ஜனவரியில் நடுத்தரக் கடைகளையும் தொட்டுவிட்டது. வாங்குபவரின் வரி எண்ணைக் கேட்டுப் பதிவது, மைஇன்வாய்ஸ் தளத்தில் ஒப்புதல் பெறுவது, பிழை இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ரத்துச் செய்வது, தனி பில் கேட்காத சில்லறை விற்பனையை மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒன்றாகச் சேர்த்து அனுப்புவது என்று இதில் எத்தனையோ நுணுக்கங்கள். கணக்கியல் மாணவருக்கு இவற்றைப் பழகிக்கொள்ளப் பல நாள் பிடிக்காது. நாம் சரக்கையும் ஆளையும் சொல்லிக்கொடுக்க, அவர் கணினியை நமக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். வயதில் சிறியவரிடம் கற்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

உணவகம் நடத்துவோருக்கும் இதுவே வழி. நாசி கண்டார் கடைக்கு வரும் உணவக நிர்வாக மாணவரைப் பதினைந்து வாரமும் தேத்தண்ணீர் கலக்க வைத்தால் அது பயிற்சியாகாது. ஒரு கிலோ அரிசி எத்தனை தட்டுச் சோறாகிறது, இரவு மீதமாகும் குழம்பின் விலை என்ன, கோழி விலை ஏறினால் தட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடச் சொல்லலாம். மேசை துடைக்கவும் சொல்லலாம், அதில் இழிவில்லை. நாமும் துடைத்தவர்களே. துடைப்பது மட்டுமே வேலையாகிவிடக் கூடாது.

நாணய மாற்றுக் கடைக்காரர்கள் மட்டும் சற்று எச்சரிக்கையாயிருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டுப் பணச் சேவைத் தொழில் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடத்தும் தொழில் அது. பயிற்சி மாணவரைத் தனியே கவுண்டரில் விட்டுப் போவது அவருக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

குறிப்பேட்டு விஷயத்துக்கு வருவோம். இதில் நமது அலட்சியம் பெரிது. மாணவர் நான்கு வாரக் குறிப்பை ஒரே நாளில் எழுதிக்கொண்டு வருகிறார். நாமும் பேனாவை எடுத்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஒரு துணிக்கடையில் நடந்ததைச் சொல்வோம், ஊர் வேண்டாம். விரிவுரையாளர் வந்து குறிப்பேட்டைத் திறந்தார். மூன்றாம் வாரம் 'சரக்கு நிர்வாகம்', நான்காம் வாரம் 'சரக்கு நிர்வாகம்', ஐந்தாம் வாரமும் அதுவே. எல்லாவற்றிலும் முதலாளியின் கையெழுத்து. "எந்தத் துடோங் அதிகம் போகிறது, எத்தனை மீதமிருந்தால் மறுபடி சரக்குக்கு எழுதுவீர்கள்?" என்று அவர் கேட்டார். பையன் விழித்தான். அவன் அத்தனை வாரமும் வாசலில் நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். முதலாளியோ எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டு வைத்திருந்தார். அன்பினால் போட்டார் என்பதில் சந்தேகமில்லை. அந்த அன்பினால் பையனுக்கு நன்மை விளையவில்லை. விரிவுரையாளர் மரியாதையாகத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அதன்பின் அக்கடைக்கு அக்கல்லூரியிலிருந்து ஒரு மாணவரும் வரவில்லை.

மத்ரஸாவில் உஸ்தாது நேற்றுக் கொடுத்த பாடத்தைக் கேட்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பமாட்டார் அல்லவா? திக்கினால் அதே பாடம்தான் மறுநாளும். குறிப்பேட்டில் கையெழுத்திடுவதும் பாடம் கேட்பதைப் போன்றதே. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கடை சற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, "இந்த வாரம் என்ன கற்றீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டால் போதும். மதிப்பெண் படிவத்திலும் கண்டதையே எழுத வேண்டும். நேரத்துக்கு வராதவரை நேரத்துக்கு வந்தார் என்று எழுதுவது சாட்சியை மாற்றிச் சொல்வதாகும். குறையை முடிவில் படிவத்தில் எழுதித் தண்டிப்பதைவிட இரண்டாம் வாரமே முகத்துக்கு நேரே சொல்லித் திருத்துவது நியாயம். திருந்தாவிட்டால் கல்லூரிக்குத் தெரிவிக்கலாம்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். படிப்பவர்தானே என்று வெறுங்கையோடு அனுப்புவது நமக்கு அழகன்று. பேருந்துச் செலவும் பகல் சாப்பாடும் அவருக்கும் உண்டு. மாதம் ஒரு தொகையை முதலிலேயே பேசி, எழுத்தில் கொடுத்து, தேதி தவறாமல் தருவது நல்லது. வரிச் சலுகையுடன் கூடிய பயிற்சித் திட்டத்தை டேலண்ட் கார்ப் நிறுவனம் நடத்தி வந்திருக்கிறது. அதன் நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால் வரிக் கணக்கு எழுதுபவரைக் கலந்துகொண்டு இறங்கலாம். விபத்துக் காப்புறுதி யார் பொறுப்பில் என்பதையும் மாணவர் மூட்டையில் கை வைக்கும் முன்னரே கல்லூரியிடம் கேட்டு வைக்க வேண்டும்.

நமது பெண்மக்கள் காரியம் ஒன்று உண்டு. பொலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் நமது சமூகப் பெண்கள் பலர் படிக்கிறார்கள். பயிற்சிப் பருவம் வரும்போது வாப்பாமார் தயங்குகிறார்கள். தெரியாத இடம், இரவு நேரம், தூரப் பயணம் என்ற கவலை. அக்கவலையை நாம் குறை கூறவில்லை. ஆனால் பயிற்சியை முடிக்காவிட்டால் பல பருவம் படித்ததும் பயனற்றுப் போகிறது. இதற்கு மாற்று நமது கையில்தான் இருக்கிறது. கணக்கு மேசையைக் கடையின் வெளிச்சமான பகுதியில் போட்டு, மஃரிபுக்கு முன் வீடு சேரும்படி நேரம் வைத்து, கடையில் பெண் சிப்பந்தியோ வீட்டுப் பெண்களோ இருக்கும்படி பார்த்துக்கொண்டால் எந்த வாப்பா மறுப்பார்? மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் சூலியா தெருவிலும் நமது கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் பெண் துணையில்லாவிட்டால் அடுத்த கடையில் இருக்கும். இரண்டு கடைக்காரர்கள் பேசிக்கொண்டு இரண்டு மாணவிகளை ஒரே இடத்தில் உட்கார வைத்து இரு கடைக் கணக்கையும் பழக்க முடியாதா என்று கல்லூரியைக் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, நம்மவர்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று இருக்கிறது. "நமது கொள்முதல் விலையும் கடன்காரர் பட்டியலும் வெளியே போய்விடாதா?" என்பது அது. பயம் நியாயமானதே. மாணவர் எழுதும் அறிக்கை கல்லூரிக்குப் போகிறது, பலர் கண்ணில் படுகிறது. ஆகவே முதல் நாளே எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளர் பெயருக்குப் பதிலாக 'அ', 'ஆ' என்று போடலாம், விலைக்குப் பதிலாக விகிதம் போடலாம். ரகசியம் காப்பதாக ஓர் எழுத்து வாங்கிக்கொள்வதும் உண்டு. அறிக்கையைக் கல்லூரிக்குக் கொடுக்கும் முன் நம்மிடம் காட்டும்படி கேட்டு, முழுவதும் படித்து, ஒரு படியைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் வரும் மாணவர் கையில் முதல் நாள் கொடுப்பதற்கு அது உதவும்.